நாட்டிங் ஹில்லில் கறுப்பின வரலாற்று மாதம்: பான், மாஸ், தெருநடை – திருத்தமாகச் செய்ய என்னென்ன வேண்டும்?

மேற்குவாசல்:
லண்டனில் லாட்ப்ரோக் குரோவ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள சமூக மண்டபத்தில், கறுப்பின வரலாற்று மாதமான அக்டோபரின் கடைசி வாரஇறுதியில் ஒருநாள் நிகழ்வு. பகுதியின் கரிபியன் முதியோர் குழுதான் முன்னின்று செய்கிறது. மண்டபத் தன்னார்வலர்களில் நாலைந்து தமிழர்கள் இருப்பதால் இங்கே கேட்கிறேன். சுவரில் நாலு படத்தை ஒட்டி, கோழியும் சோறும் கொடுத்து அனுப்பிவிடும் அக்டோபர் நிகழ்வு வேண்டாம் என்பது முதியவர்களின் உறுதியான சொல்.

திட்டம் இதுதான்: ஸ்டீல்பான் (சுருக்கமாகப் பான்; எண்ணெய் டிரம்மில் செய்யும் ட்ரினிடாட் இசைக்கருவி) பயிலரங்கு, பிள்ளைகளுக்குக் கார்னிவல் தலையணி செய்யும் மேசை, பெரியவர்களுக்கு வரலாற்று நடை, மாலையில் மண்டபத்தைச் சுற்றிச் சின்ன ஊர்வலம். ஏறக்குறைய 150 பேர். மண்டபம் 12 மீட்டருக்கு 9 மீட்டர். எது சரிவரும், எது கவிழும், சொல்லுங்கள்.

நூலகப்பூனை:
முதலில் தேதி. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். சனிக்கிழமை என்றால் பொழுது சாய ஐந்தே முக்கால் ஆகும். மறுநாள் ஞாயிறு நாலே முக்கால் வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். "மாலை ஊர்வலம்" என்று எழுதும்போது இதை மறந்தால் பிள்ளைகள் செய்த தலையணி இருட்டில் யார் கண்ணிலும் படாது. ஆனால் சனிக்கிழமை போர்ட்டபெல்லோ சந்தை நெரிசலில் நடைக்குழுவைக் கூட்டிப்போக முடியாது. எனவே ஞாயிறு வையுங்கள்: நடை 11 மணிக்கு, ஊர்வலம் 3 மணிக்கு.

அடுத்தது விளக்கப் பலகை. வருடாவருடம் தப்பாக எழுதப்படும் வரி ஒன்று உண்டு: "1959-இல் கிளாடியா ஜோன்ஸ் நாட்டிங் ஹில் தெருவில் கார்னிவல் தொடங்கினார்." அது தெருவிலும் இல்லை, நாட்டிங் ஹில்லிலும் இல்லை. 1958 ஆகஸ்ட் கடைசியில் வெள்ளை இளைஞர் கூட்டங்கள் இந்தப் பகுதிக் கரிபியன் மக்களைத் தாக்கின. அந்தக் காயத்துக்குப் பதிலாக, பிரிக்ஸ்டனிலிருந்து வெஸ்ட் இந்தியன் கெசட் பத்திரிகையை நடத்திய ஜோன்ஸ், 1959 ஜனவரி 30-இல் செயின்ட் பான்கிராஸ் டவுன் ஹாலுக்குள் கார்னிவல் விழா நடத்தினார். ஜனவரிக் குளிரில் தெருவில் ஆட முடியுமா? அது உள்ளரங்கு விழா, பிபிசி ஒளிபரப்பியது. தெருவுக்கு வந்தது 1966-இல், சமூகப் பணியாளர் ரோன் லாஸ்லெட் நடத்திய தெருவிழாவில். ரஸ்ஸல் ஹெண்டர்சனின் பான் குழு நின்ற இடத்தை விட்டு நடக்கத் தொடங்கியது. சனம் பின்னால் போனது.

தேர்வடம்:
பூனை சொல்வது சரி. ஆனால் 1966-ஐத் தடித்த எழுத்தில் போட்டு ஜோன்ஸை அடிக்குறிப்பாக்கும் பலகைகளும் வந்துகொண்டிருக்கின்றன. அது இன்னும் பெரிய பிழை. ட்ரினிடாடில் பிறந்து, அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று சிறையில் அடைக்கப்பட்டு, 1955-இல் நாடு கடத்தப்பட்ட பெண் அவர். இனவெறித் தாக்குதலுக்குக் கலையால் பதில் சொல்லலாம் என்று முதலில் அமைப்பாகக் காட்டியவர். போர்ட்டபெல்லோ ரோடும் டாவிஸ்டாக் ரோடும் சந்திக்கும் பக்கத்தில் ஜோன்ஸ், லாஸ்லெட் இருவருக்குமே நினைவுத் தகடு உண்டு. பலகையிலும் இரண்டு ஆண்டுகளையும் ஒரே அளவில் போடுங்கள். மூன்றாவதாக 1973-ஐச் சேருங்கள்: லெஸ்லி பாமர் பொறுப்பேற்று, சவுண்ட் சிஸ்டம்களை (பெரிய ஒலிபெருக்கிகளில் இசைத்தட்டு போடும் குழுக்களை) தெருமுனைகளில் நிறுத்தி, ட்ரினிடாட்காரரின் விழாவாக இருந்ததை ஜமைக்கா இளைஞர்களுக்கும் உரியதாக்கியது அப்போதுதான். இதை விட்டால் இன்றைய கார்னிவல் எங்கிருந்து வந்தது என்பது புரியாது.

நூலகப்பூனை:
ஒப்புக்கொள்கிறேன். மூன்று ஆண்டும் சம அளவு.

இளிக்கிரமம்:
பான் பற்றி நான் எழுதுகிறேன்.

16 பேருக்கு ஒரு சுற்று, 45 நிமிடம், மூன்று சுற்று. அதற்கு மேல் ஏற்றாதீர்கள். சுதி உயர்ந்த பானிலிருந்து தாழ்ந்தது வரை: 8 டெனர், 4 ஜோடி டபுள் செகண்ட், 3 ஜோடி கிட்டார் பான், ஒரு பேஸ். பேஸ்தான் இடத்தைத் தின்னும். சிக்ஸ் பேஸ் என்றால் வெட்டாத முழு டிரம் ஆறு. ஒவ்வொன்றிலும் மூன்றே ஸ்வரம். மண்டபத்தின் மூலையில் இரண்டரை மீட்டர்ச் சதுரம் அதற்கே போகும், வேனிலும் பாதி அதுதான். வேன் சிறியது என்றால் நாலு டிரம் பேஸ் கேளுங்கள். டெனர் ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் மீட்டர்ச் சதுரம் விடாவிட்டால் முழங்கை முட்டும்.

கருவிகளைப் பான் யார்டிலிருந்து (பான் குழு பயிற்சி செய்யும் இடம்) வாடகைக்கு எடுக்கும்போதே ஆசிரியரையும் சேர்த்துக் கூலி பேசுங்கள். தன்னார்வலர் யூடியூப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையல்ல இது.

முதல் பத்து நிமிடம் குச்சி பிடிப்பதற்கு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தளர்வாக, அடி மணிக்கட்டிலிருந்து. ஸ்வரத்தின் நடுவில் தட்டினால் ஒலி மலரும். ஓரத்துப் பள்ளக்கோட்டில் பட்டால் தகர டப்பா போல் "டக்" என்று சாகும். புதியவர்கள் சத்தம் வரவில்லையே என்று ஓங்கி அடிப்பார்கள். அங்கேதான் சுதி கலையும்: அது இழுத்து மெலிந்த தகடு, ஓங்கிய அடியில் வடிவம் மாறிவிடும். டெனருக்கான மெல்லிய ரப்பர் முனைக் குச்சியும் பேஸுக்கான பந்துக் குச்சியும் கலந்துவிடாமல் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். பேஸ் குச்சி டெனரில் பட்டால் ஒரே மதியத்தில் கருவி பழுது. ரப்பர் கழன்ற குச்சியை உடனே எடுத்துவிடுங்கள். வெறும் மரம் குரோம் பூச்சைக் கீறும்.

ஸ்வரப் பெயரைத் தாள் ஒட்டிக் காட்டாதீர்கள், அதிர்வு அமுங்கும். சுண்ணக்கட்டியால் எழுதுங்கள், பிறகு துடைத்துவிடலாம்.

கம்பிவளை:
டெனரில் ஸ்வரங்கள் ஏன் பியானோ மாதிரி வரிசையாக இல்லை என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதற்குச் சின்ன விளக்கம் தர முடியுமா?

இளிக்கிரமம்:
தமிழ் இசை தெரிந்தவருக்கு இது ஒரு நொடியில் பிடிபடும். வெளிவட்டத்தில் பன்னிரண்டு ஸ்வரம். ஏதாவது ஒன்றை ஸ என்று வைத்தால் ஒரு பக்கத்து அண்டைவீடு அதன் ப. அந்த ப-வை ஸ ஆக்கினால் அதற்கடுத்தது அதன் ப. மறுபக்கம் போனால் ம. அப்படியே சுற்றி வந்தால் தொடங்கிய இடம். நம் பழந்தமிழ் இசையின் வட்டப்பாலையில் பன்னிரண்டு வீடும் குரல்–இளி (ஸ–ப) உறவில் சுழல்வதைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. உள்வட்டத்தில் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில், நேர் உள்ளே. ட்ரினிடாட்டின் ஆன்டனி வில்லியம்ஸ் இந்த அமைப்பை நிலைநாட்டியதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல: ஒரு ஸ்வரத்தை அடிக்கும்போது பக்கத்துத் தகடும் சேர்ந்து அதிரும். பக்கத்தில் இருப்பது இசைந்த ஸ்வரம் என்றால் ஒலி செழிக்கும். பொருந்தாத ஸ்வரம் என்றால் கரகரக்கும்.

மண்டபத்தில் செய்முறை காட்ட ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். சுமார் 210 லிட்டர் எண்ணெய் டிரம்மின் அடித்தகட்டைச் சுத்தியலால் டெனருக்கு 20 செ.மீ. ஆழம் வரை இறக்க வேண்டும். ஒன்றேகால் மில்லிமீட்டர்த் தகடு நடுவில் ஏறக்குறையப் பாதியாக மெலியும். பிறகு ஸ்வர எல்லையைக் கோடிட்டு, உளியால் பள்ளம் தட்டி, பக்கச்சுவரை 15 செ.மீ. அளவில் வெட்டி, நெருப்பில் காட்டி, கடைசியில் சுதி சேர்ப்பார்கள். சத்தம் காதைக் கிழிக்கும். டிரம்மின் உட்பூச்சு எரியும் புகை நஞ்சு. அதற்குப் பதில் மூன்று நிலையில் மூன்று டிரம் கடன் வாங்கி வரிசையாக வையுங்கள்: வெறும் டிரம், இறக்கியது, பள்ளம் தட்டியது. கையால் தடவிப் பார்க்க விடுங்கள். பள்ளத்தில் விரல் போகும்போதே பிள்ளைக்கு விளங்கிவிடும்.

அந்த மேசைக்கு மேலே ஒரே ஒரு பலகை: பிரிட்டிஷ் ஆட்சி 1880-களில் ட்ரினிடாடில் தோல்பறையை ஒடுக்கியது. மக்கள் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். 1930-களின் கடைசியில் பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி மூடி. 1940-களில் எண்ணெய் டிரம். 1951-இல் பிரிட்டன் திருவிழாவுக்கு வந்த டாஸ்போ என்ற ட்ரினிடாட் பான் குழுவில் இருந்த ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் லண்டனிலேயே தங்கினார். 1966-இல் தெருவில் நடந்தவர்களில் அவரும் ஒருவர். பறையைப் பிடுங்கியதற்கு மக்கள் கொடுத்த விடை இந்தக் கருவி. இதைச் சொல்லாமல் "இனிமையான தீவு இசை" என்று அறிமுகம் செய்வது அநியாயம்.

செம்மண்:
இளிக்கிரமம் பறையைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். தமிழ்ப் பறைக் குழு ஒன்றையும் சேர்க்கலாமா? தீயில் காய்ச்சி இறுக்குவது, சாவுக்கும் சாதிக்கும் ஒதுக்கி வைக்கப்பட்டது, பிறகு தலைநிமிர்ந்தது... ஒப்புமை கண்முன்னே நிற்கிறதே.

தேர்வடம்:
ஒப்புமை உண்மைதான், தோழர். ஆனால் இந்த நாள் வேண்டாம். 150 பேர், அஞ்சு மணி நேரம், ஒரு மண்டபம். பறை அடிக்கத் தொடங்கினால் பான் கேட்காது, அடுத்த நாள் எல்லார் செல்போனிலும் பறைதான் இருக்கும். முதியவர்கள் முன்னின்று செய்யும் நாள் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

தமிழரின் உண்மையான தொடர்பு வேண்டும் என்றால் அம்பலவாணர் சிவானந்தன் இருக்கிறார். 1958 இலங்கை இனக்கலவரத்திலிருந்து தப்பி லண்டன் வந்தவர். வந்து சேர்ந்ததும் கண்டது இதே நாட்டிங் ஹில் கலவரத்தை. 1964-இல் இன உறவுகள் நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்தார், பின்பு அதன் இயக்குநரானார், 'ரேஸ் அண்ட் கிளாஸ்' இதழை நடத்தினார். கறுப்பு என்பது தோலின் நிறமல்ல, அரசியலின் நிறம் என்று ஆசியரையும் ஆபிரிக்க-கரிபியரையும் ஓரணியில் பார்த்த தலைமுறை அது. நூல் மேசையில் அவருக்கு ஒரு இடம் கொடுங்கள், போதும்.

செம்மண்:
ஏற்கிறேன். அப்படியென்றால் தாஸாவைக் கேட்டுப் பார்க்கலாமா? 1845 முதல் 1917 வரை கல்கத்தாவிலிருந்தும் மதராஸிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த ட்ரினிடாட் மக்கள் இன்றும் அடிக்கும் மேளம். அதையும் தீயில் காய்ச்சித்தான் இறுக்குவார்கள்.

தேர்வடம்:
அது ட்ரினிடாட்டின் சொந்தச் சொத்து, அதனால் பொருந்தும். சேர்ப்பதா இல்லையா என்று முதியோர் குழு முடிவு செய்யட்டும்.

கம்பிவளை:
மாஸ், அதாவது கார்னிவல் வேடம் செய்யும் மேசை. இரண்டு மணி நேரத்தில் பிள்ளை முடிக்கக்கூடியது தலையணி மட்டும். முதுகில் கட்டும் இறகுச் சட்டகத்தை ஒரு மதியத்தில் செய்ய முடியாது. ஒருவேளை செய்தாலும் அக்டோபர்க் காற்றில் அது பாய்மரம். ஆசை இருந்தால் பெரியவர் ஒருவர் முன்கூட்டிச் செய்யட்டும், துணிக்குப் பதில் வலை போட்டு, காற்று ஊடுருவ.

ஒரு தலையணிக்கு: 2 மி.மீ. ஃபோம் தாளில் 4 செ.மீ. அகல நெற்றிப்பட்டை. ஆறு முதல் பதினொரு வயதுத் தலை 52–56 செ.மீ. இருக்கும், ஒட்டுக்கு 4 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். 1.6 மி.மீ. துத்தநாகம் பூசிய கம்பியில் 90 செ.மீ. வளைவு ஒன்று, 40 செ.மீ. தாங்கு இரண்டு. சேதாரத்தோடு பிள்ளைக்கு 2 மீட்டர். 20 பிள்ளைக்கு 40 மீட்டர். ஒரு கிலோச் சுருளில் 60 மீட்டருக்கு மேல் இருக்கும், எனவே ஒரு சுருள் தாராளம். மாஸ்கிங் டேப் (காகித ஒட்டுநாடா) நாலு உருளை, தட்டை இடுக்கி ஆறு, கம்பி வெட்டி இரண்டு. வெட்டுவது பெரியவர் வேலை.

கவிழும் இடங்கள் மூன்று.

கம்பி முனை. ஒவ்வொரு முனையையும் இடுக்கியால் கண்ணி போல் சுருட்டி, அதன்மேல் டேப் சுற்றாமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பக்கத்துப் பிள்ளையின் கண் அதே உயரத்தில் இருக்கிறது.

கணு. இரண்டு கம்பி குறுக்கிடும் இடத்தை முறுக்கிக் கட்டினால் ஆடிக்கொண்டே இருக்கும். டேப்பை 2 செ.மீ. அகலத்துக்குக் கிழித்து, முதலில் ஒரு மூலைவிட்டம், பிறகு மறு மூலைவிட்டம், கடைசியில் நடுவே கழுத்துச் சுற்று. கூரைக் கம்பு கட்டும் அதே பெருக்கல்கட்டுதான். இறுக இழுத்து ஒட்டினால் பசையே தேவைப்படாது.

எடை. வளைவு நெற்றிக்கு நேர்மேலே நின்றால் நடக்க நடக்கக் கண்ணில் சரியும். காதுக்கு நேர்மேலே நிறுத்தி, தாங்குகளைப் பின்னே கொண்டுபோங்கள். நாடியில் எலாஸ்டிக் கட்டவேண்டாம், அது கழுத்துக்கு இறங்கும். நெற்றிப்பட்டையின் பின்பக்கம் 10 செ.மீ. எலாஸ்டிக் தைத்துவிட்டால் எந்தத் தலைக்கும் பொருந்தும்.

சூடான பசைத் துப்பாக்கி என்றால் குறைந்த வெப்ப வகை, பெரியவர் கையில் மட்டும். குளிரில் அந்தப் பசை முறிந்து உதிரும், எனவே வெளியே போகும் எதையும் டேப்போ நூலோ தாங்கட்டும். நிஜ இறகு ஈரத்தில் தொங்கிப்போகும். ஃபோமில் இறகு வடிவம் வெட்டி நடுநரம்பில் கம்பி ஒட்டினால் தூறலில்கூட வடிவாக நிற்கும்.

பாத்திரங்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யுங்கள். டேம் லொரெய்ன் பண்ணை முதலாளியின் மனைவியைப் பகடி செய்யும் வேடம். மோக்கோ ஜம்பி உயரக் கட்டையில் நடப்பவர். மேற்கு ஆபிரிக்கக் காவல் தெய்வ மரபு. நமக்கு மரக்கால் ஆடல் சிலப்பதிகாரத்திலேயே இருப்பதால் வியப்பாக இராது, ஆனால் அவர்கள் கட்டையில் ஏறி நிற்பதன் பொருள் வேறு: கடல் கடந்து பார்க்கும் உயரம். ஊர்வலத்துக்கு ஒரு மோக்கோ ஜம்பிக் கலைஞரைக் கூலிக்கு அழைத்தால், இரண்டு பக்கமும் ஆள் நடக்க வேண்டும், ஈர இலை கிடக்கும் நடைபாதையை முன்கூட்டிப் பெருக்க வேண்டும்.

மேற்குவாசல்:
நன்றி, கம்பிவளை. அனுமதி பற்றி யாராவது? முதியவர்கள் ரம் பஞ்ச் விற்க விரும்புகிறார்கள்.

படிவம்:
ரம் பஞ்ச் விற்றால்தான் சிக்கல். ஒலிபெருக்கி இல்லாத நேரடி இசைக்குக் காலை 8 முதல் இரவு 11 வரை உரிமம் தேவையில்லை; பான் அதற்குள் அடங்கும். சமூக மண்டபத்தில் 500 பேருக்கு மிகாமல் பதிவிசை போட, மண்டப நிர்வாகத்தின் எழுத்துச் சம்மதம் போதும். ஆனால் பாடல்களுக்கான காப்புரிமைக் கட்டணம் வேறு விஷயம். மண்டபத்திடம் பிபிஎல் பிஆர்எஸ் இசை உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மண்டபத்துக்கு மது உரிமம் இல்லை என்றால் தற்காலிக நிகழ்வு அறிவிப்பு வேண்டும். 21 பவுண்ட், ஊழியரையும் சேர்த்து 499 பேர் வரை. முழுதாகப் பத்து வேலைநாள் முன்பு கவுன்சிலுக்குப் போக வேண்டும். போய்ச் சேரும் நாளும் நிகழ்வு நாளும் கணக்கில் வராது. ஐந்து முதல் ஒன்பது வேலைநாள் முன்பு கொடுத்தால் அது தாமத அறிவிப்பு: பொலிஸோ சுற்றுச்சூழல் சுகாதாரமோ ஒரு ஆட்சேபம் சொன்னாலே முடிந்தது, விசாரணை கிடையாது. "டிக்கெட்டுடன் பஞ்ச் இலவசம்" என்று போட்டுத் தப்பலாம் என நினைக்காதீர்கள், அதுவும் விற்பனைதான்.

ஊர்வலம் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு நிகழ்வை நினைவுகூரும் ஊர்வலம் என்றால் 1986 பொது ஒழுங்குச் சட்டப்படி, ஆறு முழு நாளுக்கு முன் பொலிஸுக்கு எழுத்தில் நாள், நேரம், பாதை, ஒரு ஒழுங்கமைப்பாளரின் பெயர்-விலாசம் போக வேண்டும். வாகனம் ஓடும் வீதியில் இறங்கினால் வீதி மூடல் கேட்க வேண்டும். அது வாரக்கணக்கில் இழுக்கும். நடைபாதையோடு நில்லுங்கள்.

சாப்பாட்டு மேசையில் 14 ஒவ்வாமைப் பொருள்களும் எந்தப் பதார்த்தத்தில் உண்டு என்று எழுதி வையுங்கள். ஜெர்க் மசாலாவில் சோயா இருக்கக்கூடும். 'மக்ரோனி பை' என்ற பதார்த்தத்தில் பால், கோதுமை, முட்டை.

நூலகப்பூனை:
நடைப்பாதை. வெஸ்ட்போர்ன் பார்க் நிலையத்தில் தொடங்கி பவிஸ் ஸ்கொயரில் முடியுங்கள். நாலு நிறுத்தம், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம், மொத்தம் ஒன்றேகால் மணி. 18 பேருக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்குக் கேட்காது, எனவே இரண்டு குழு.

கோல்போர்ன் ரோட்டில் கெல்சோ காக்ரேன் தகடு. அன்டிகுவாவில் பிறந்த தச்சர், 32 வயது. 1959 மே 17 நள்ளிரவில் சௌதம் தெரு முனையில் வெள்ளை இளைஞர் கூட்டம் குத்திக் கொன்றது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அவரது இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கு மேல் மக்கள் திரண்டார்கள். இந்த இடத்தில் பாட்டு வேண்டாம், படம் எடுத்துச் சிரிக்கவும் வேண்டாம். வழிகாட்டி முதலிலேயே சொல்லிவிடட்டும்.

போர்ட்டபெல்லோ வழியே வெஸ்ட்வே மேம்பாலத்தின் கீழ் கடந்தால் ஜோன்ஸ், லாஸ்லெட் தகடுகள். பிறகு ஆல் செயின்ட்ஸ் ரோடு 8-ஆம் எண்: பிராங்க் கிரிச்லோ 1968-இல் திறந்த மாங்குரோவ் உணவகம் இருந்த இடம். 1969 ஜனவரி முதல் 1970 ஜூலை வரை பொலிஸ் 12 தடவை சோதனை போட்டது. 1970 ஆகஸ்ட் 9-இல் 150 பேர் கண்டன ஊர்வலம் போனார்கள். ஒன்பது பேர்மீது கலவர வழக்கு. ஓல்ட் பெய்லியில் 55 நாள் விசாரணை. ஆல்தியா ஜோன்ஸ்-லெகோயின்டும் டார்கஸ் ஹவும் தங்கள் வழக்கைத் தாங்களே வாதாடினார்கள். 1971 டிசம்பரில் ஒன்பது பேரும் கலவரக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. பொலிஸ் தரப்பிலும் இனவெறுப்பு இருந்ததை நீதிபதி தம் வாயால் சொன்னார். நடையின் நெஞ்சு இந்த நிறுத்தம். எட்டு நிமிடத்தைப் பன்னிரண்டாக்கினாலும் பரவாயில்லை.

கடைசியாக பவிஸ் ஸ்கொயரில் டாபர்னகிள் கட்டடம்: கார்னிவல் கலைகளின் வீடு.

தேர்வடம்:
முதியவர்கள் பழைய படங்களைக் கொண்டுவருவார்கள், அதற்கு ஒரு ஸ்கேனர் மேசை போடுங்கள். அச்சுப்படத்துக்கு ஸ்கேன் நுணுக்கம் 600 டிபிஐ, கோப்பு டிஃப் வகை. அசல் படம் அவர் கண்ணெதிரே ஸ்கேன் ஆகி அவர் கைக்கே திரும்ப வேண்டும், "பிறகு தருகிறோம்" கூடாது. ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்தில் படத்தைப் பிய்க்காதீர்கள், கிழியும். பக்கத்தோடு மேலிருந்து கேமராவில் எடுங்கள். பின்புறம் எழுத மென்மையான பென்சில், பேனா வேண்டாம். படிவத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்கள், தெரு, ஆண்டு, எங்கெல்லாம் காட்டச் சம்மதம். "கார்னிவல், 70-கள்" என்று மட்டும் எழுதிய படம் பத்து வருடத்தில் யாருக்கும் பயன்படாது. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் பிடிக்கும், ஆகவே மதியத்தில் 25 படம்தான் முடியும். முன்பதிவு வையுங்கள்.

மேற்குவாசல்:
எல்லாவற்றையும் குழுவிடம் கொண்டுபோகிறேன். ஞாயிறு உறுதி. மழை கொட்டினால் ஊர்வலம்?

கம்பிவளை:
மண்டபத்துக்குள்ளேயே சுற்றுங்கள். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, பான்களை நடுவில் வைத்து, பிள்ளைகள் சுற்றிவரட்டும்.

இளிக்கிரமம்:
அப்படியானால் பேஸை முதலிலேயே நடுவில் நிறுத்திவிடுங்கள், 3 மணிக்கு நகர்த்த முடியாது. நனைந்த பான் கருவிகளை வேனில் ஏற்றுமுன் உலர்ந்த துணியால் ஸ்வரம் ஸ்வரமாகத் துடையுங்கள். பள்ளக்கோட்டில் தங்கும் நீர்தான் முதலில் துருவாகும்.